பதினான்காம் பக்கத்தில் இருந்த பிள்ளை

திரையில் முதல் வரியைப் படித்ததுமே அது தன்னுடைய வரி என்று நார்சிசா பின்காய்க்குத் தெரிந்துவிட்டது.

"விடையைச் சொல்லாதே. பிள்ளை கெஞ்சினாலும் சொல்லாதே. இன்னொரு கேள்வி கேள்."

அது ஒரு சனிக்கிழமை. புவெர்த்தோ அல்மெஹா உயர்நிலைப் பள்ளியின் பெரிய வகுப்பறையில் நாற்பது ஆசிரியர்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றியது. முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தவர் எஸ்தெபான் லார்ரேயா. மலைமேல் இருக்கும் தலைநகரிலிருந்து ஒரு பயிற்சி நிறுவனம் அவரை அனுப்பியிருந்தது. கடலோரத்துப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாமல், கர்ச்சீப்பால் கழுத்தை ஒற்றி ஒற்றிப் பேசினார். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். வழவழப்பான அட்டை, மேலே "வகுப்பறைக்கு நூறு ப்ராம்ப்ட்கள்" என்று ஏ.ஐ.க்கு எழுதும் கட்டளைகளைச் சொல்லும் தலைப்பு, கீழே அவருடைய பெயர்.

"ஏ.ஐ.கிட்ட எப்படிக் கேக்கறோமோ அப்படித்தான் அது பதில் சொல்லும், நண்பர்களே. மொட்டையா கேட்டா மொட்டையா சொல்லும். அதுக்குச் சூழலக் குடுங்க. உங்க வகுப்பு எப்படி, பிள்ளைங்க யாரு, கையில என்ன பொருள் இருக்கு, எல்லாத்தையும் சொல்லுங்க."

பக்கத்தில் இருந்த கணக்கு ஆசிரியர் ஹோல்கர், நார்சிசாவின் முழங்கையைத் தட்டினார்.

"நார்சி, இது நீ எழுதினதுல்ல?"

அவள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

முந்தைய ஆண்டு அவளுக்கு இந்த வித்தையை அறிமுகப்படுத்தியதே ஹோல்கர்தான். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் அவள். நாற்பத்திரண்டு பிள்ளைகள். முதல் தடவை, "ஒன்பதாம் வகுப்புக்கு அடர்த்தி பற்றி ஒரு பாடம் தயாரி" என்று ஒரே வரியில் கேட்டாள். ஆய்வகக் குடுவையும் பனிப்பாறையும் ஆப்பிளுமாக ஒரு பாடம் வந்தது. பள்ளியில் ஆய்வகம் கிடையாது. பிள்ளைகள் கண்ட பனியெல்லாம் மீன் பெட்டியில் கொட்டுகிற ஐஸ்தான். எரிச்சல் வந்தது அவளுக்கு. புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியனைத் திட்டுவதுபோல் ஃபோனைத் திட்டி எழுதினாள்: "எங்களிடம் குடுவை இல்லை. வாளி இருக்கிறது, உப்பு இருக்கிறது, கடல் இருக்கிறது. பாதிப் பிள்ளைகள் விடியற்காலை ஐந்து மணிக்குப் படகில் வந்த மீனை இறக்கிவிட்டு வருகிறார்கள், உட்கார வைத்துப் பேசினால் தூங்கிவிடுவார்கள். முதல் ஐந்து நிமிடம் கைக்கு வேலை கொடு. நீ பாடம் நடத்தாதே. நான் கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் கொடு."

அன்று வந்த பாடத்தில் மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையும் இரண்டு வாளித் தண்ணீரும் இருந்தன. ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திய கத்தலில், ஏதோ அடிதடி என்று தலைமையாசிரியை ஓடிவந்தார். அதற்குப் பிறகு நார்சிசா நிறுத்தவே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்றே எழுதுவாள். எது வேலை செய்தது, எது செய்யவில்லை, எந்த வார்த்தையை மாற்றியதும் பாடம் உயிர்பெற்றது என்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்தாள். பள்ளி ஆவணத்துக்கு வேண்டும் என்று தலைமையாசிரியை பெத்சபே மொரெய்ரா கேட்டபோது மறுபேச்சில்லாமல் அனுப்பியும் வைத்தாள்.

இப்போது அந்தக் கோப்பு வழவழப்பான அட்டைக்குள் இருந்தது. மீனின் காற்றுப்பை பலூனாகிவிட்டது. கடல் காணாமல் போயிருந்தது. "வாளி" என்ற இடத்தில் "தகுந்த கொள்கலன்" என்று போட்டிருந்தார்கள். நார்சிசாவுக்குக் காதுமடல் சூடேறியது. திருடினதுதான் திருடினான், ருசியையாவது விட்டுவைத்தானா என்று பல்லைக் கடித்தாள்.

பதினான்காம் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

"ஒன்பதாம் வகுப்பு மாணவி. வயது பதினான்கு. பெயர் யூ. ஐஸ் தொழிற்சாலைக்கு எதிரே அம்மாவின் மீன்சாறுக் கடையில் வேலை செய்துவிட்டுப் பள்ளிக்கு வருவாள். கணக்கில் கெட்டிக்காரி. அப்பா பனாமாவில் கப்பலில் வேலை செய்கிறார் என்று வகுப்பு நம்புகிறது. உண்மையில் அவர் போதைச் சரக்குப் படகில் பிடிபட்டு வெளிநாட்டுச் சிறையில் இருக்கிறார். அவள் எனக்கு மட்டும் சொன்னது இது. ஆகவே கடலுக்குப் போன அப்பா, திரும்பாத படகு போன்ற உதாரணங்களைக் கொடுக்காதே."

அந்த நேரம் பார்த்து லார்ரேயா திரையிலும் அதே பக்கத்தைக் கொண்டுவந்தார்.

"இதப் பாருங்க. என்ன அருமையான சூழல்! ஒரு பிள்ளைய இவ்வளவு ஆழமா..."

"அணைங்க அத."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். நார்சிசா எழுந்து நின்றிருந்தாள்.

"என்ன டீச்சர்?"

"அணைங்கன்னு சொன்னேன்! காது கேக்கலையா?"

"கேள்விகள கடைசியில வச்சுக்கலாம் டீச்சர்..."

அவள் பெஞ்சுகளுக்கு நடுவே புகுந்து போனாள். யாருடைய பையையோ மிதித்தாள். சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது, கூடவே சுற்றிக்கொண்டிருந்த ஒரு மின்விசிறியும் நின்றது.

"இந்தப் புத்தகம் எத்தன பேர் கையில போயிருக்கு?"

லார்ரேயா தலைமையாசிரியையைப் பார்த்தார். பெத்சபே மொரெய்ரா தன் விரல் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நம்ம பள்ளிக்கு வந்தது அறுபதுதான் நார்சிசா. ஆனா... வியாழக்கிழம பெற்றோர் குரூப்ல ஃபைலா போட்டேன். நம்ம பள்ளிக்கூடத்துப் பெருமையாச்சேன்னு."

இரண்டு நாள் ஆகிவிட்டது. பதினான்காம் பக்கத்து யூலேய்சி வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நார்சிசா நினைத்திருந்தாள்.

புத்தகத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு அங்கிருந்து நேரே நடந்தாள். பள்ளியிலிருந்து ஐஸ் தொழிற்சாலைக்குப் பத்து நிமிடம். வழியெல்லாம் லார்ரேயாவைத் திட்டினாள், பெத்சபேயைத் திட்டினாள். கடை தெரிந்ததும் திட்டுவதற்கு வேறு ஆள் இருப்பது உறைத்தது.

யூலேய்சியின் அம்மா மரியூக்சி பெரிய பாத்திரத்திலிருந்து சாற்றை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் உட்கார இடம் இருக்காது. சூரை மீனும் மரவள்ளிக்கிழங்கும் வெந்த சாறு, அதன்மேல் எலுமிச்சை பிழிந்த வெங்காயம். சனிக்கிழமைக் காலையில் ஊரே அதைத்தான் குடிக்கும். அன்று இரண்டே பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் கிண்ணத்தை வைத்துவிட்டு, "என்ன மரியூக்சி, பனாமாவுலருந்து போன் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.

நார்சிசா ஸ்டூலை இழுத்தாள்.

"உக்காராதீங்க" என்றாள் மரியூக்சி. "உங்களுக்கு இங்க சாறு கெடையாது."

"மரியூக்சி, நான்..."

"யாரு எழுதினது? அந்தக் கோட்டுக்காரனா? அவன் என் புருசன எங்கயாவது பாத்திருக்கானா?"

"நான்தான் எழுதினேன்."

மரியூக்சியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அவள் எதிர்பார்த்தது வேறு பதில் போலும்.

"எதுக்கு?"

"அவளுக்கு நோகக் கூடாதேன்னு. மெஷின் ஏதாவது உதாரணம் சொல்லி, வகுப்புல அவ மனசு..."

"மெஷினுக்கு எதுக்குடீ என் வீட்டு விசயம்? அது என்ன பாதிரியாரா? பாதிரியார்கிட்டயே நான் சொல்லல! ஒன்றர வருசமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஊருக்கு முன்னால நின்னு, அவரு நல்லாருக்காரு, சம்பளம் பத்தல, அடுத்த கிறிஸ்மஸுக்கு வந்துருவாருன்னு பொய்யச் சொல்லிச் சொல்லி என் நாக்கே தேஞ்சுபோச்சு. நீ நாலு வரியில எல்லாத்தையும் கவுத்துட்ட."

டீச்சர் என்ற மரியாதை எப்போது நழுவியது என்று அவளும் கவனிக்கவில்லை, நார்சிசாவும் கவனிக்கவில்லை.

பின்னாலிருந்த தகரக் கதவு திறந்தது. யூலேய்சி நின்றாள். கையில் பாதி உரித்த வெங்காயம்.

"நான் உங்ககிட்டதான சொன்னேன்" என்றாள்.

அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா கத்தியதெல்லாம் நார்சிசாவின் மேல் பட்டு வழிந்தது. இந்த மூன்று சொல் உள்ளே போய்த் தைத்தது.

திங்கட்கிழமை தலைமையாசிரியையின் அறைக்குள் நார்சிசா கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.

"குழந்தைங்களப் பத்தி எழுதினத அப்படியே தூக்கி வெளியாளுக்குக் குடுத்தீங்களே மேடம், ஒரு தடவ படிச்சுப் பாத்தீங்களா?"

"நூறு பக்கம் நார்சிசா. யாருக்கு நேரம் இருக்கு?"

"படிக்காமலே பெருமப்பட்டீங்க."

"குரலத் தாழ்த்து. நானும் ராத்தூக்கம் இல்லாமதான் இருக்கேன். இரு, அவரே போன்ல வரட்டும்." பெத்சபே லார்ரேயாவை அழைத்து ஃபோனை மேசைமேல் வைத்தார்.

லார்ரேயாவின் குரல் மென்மையாக வந்தது. "டீச்சர், உங்க கோபம் புரியுது. ஆனா பேர எடுத்துட்டோமே. ஒரே ஒரு எழுத்துதான இருக்கு?"

"எங்க ஊர்ல ஐஸ் தொழிற்சாலைக்கு எதிர்ல எத்தன மீன்சாறுக் கடை இருக்கு தெரியுமா சார்?"

"அது..."

"ஒண்ணு."

ஃபோனில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒண்ணு செய்யலாம். அடுத்த பதிப்புல உங்க பேர முதல் பக்கத்துலயே போட்டுடறோம். இணை ஆசிரியர்னு. உங்களுக்கும் நல்லது" என்றார்.

நார்சிசா ஃபோனை முறைத்தாள். இவன் தன்னை என்னவென்று நினைத்திருக்கிறான்? அட்டையில் பெயர் வரவில்லை என்று அழுகிறவள் என்றா?

"என் பேரப் போடுன்னு நான் கேட்டனா? அந்தப் பக்கத்த எடுன்னு சொல்றேன். புத்தகத்தையே எடு."

"அச்சாயிடுச்சு டீச்சர். ஒப்பந்தம் இருக்கு. அடுத்த பதிப்புல கண்டிப்பா..."

அவள் ஃபோனை எடுத்து அணைத்தாள். அது தலைமையாசிரியையின் ஃபோன்.

அன்று மாலை அவளும் ஹோல்கரும் வீடு வீடாகப் போனார்கள். அறுபதில் ஐம்பத்தொரு புத்தகங்கள் திரும்பக் கிடைத்தன. ஃபோன் ஃபோனாகப் பறந்த ஃபைலை என்ன செய்ய? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் குரூப்பில் ஜாந்திரி மேரோ என்ற பையன் ஒரு கைதிச் சட்டைப் படத்தில் யூலேய்சியின் முகத்தை ஒட்டி அனுப்பியிருந்தான். அவனுடைய சொந்த மாமா அதே மாதிரிப் படகில் போய் அதே மாதிரிச் சிறையில் இருந்தார். அந்த ஊரில் எந்தத் தெருவில் கல்லெறிந்தாலும் அப்படி ஒரு வீட்டில்தான் விழும். ஆனால் அவர்களுடைய கதையை யாரும் அச்சடிக்கவில்லை.

நடந்து களைத்து மீன்பிடித் துறையின் படிக்கட்டில் உட்கார்ந்தபோது ஹோல்கர் மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. 'கடல் உதாரணம் வேண்டாம்'னு ஒரு வரி எழுதியிருந்தா அந்த மெஷினுக்குப் போதாதா? காரணத்த எதுக்கு எழுதின?"

நார்சிசா அவரை அடித்துவிடுவதுபோல் பார்த்தாள். அடிக்க முடியாது, அவர் கேட்டது சரி. காரணம் மெஷினுக்குத் தேவைப்படவில்லை. அந்த ஒற்றை வரியே போதும், பாடம் அப்படியேதான் வந்திருக்கும். தேர்வு நடுவில் தேம்பி அழுத பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போய் அந்தக் கதையைக் கேட்டாளே, அன்று முதல் அது அவள் நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்தது. யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. வாய் திறந்து யாரிடமும் சொல்ல மாட்டாத ஒன்றிடம் சொல்கிறோம் என்று நினைத்தாள்.

"எனக்காக எழுதினேன் ஹோல்கர்" என்றாள். "அவளுக்காகன்னு சொல்லிச் சொல்லி எனக்காக எழுதினேன். என்னையே நாலு அறை அறையணும் போல இருக்கு."

வியாழக்கிழமை மாகாணத் தலைநகருக்குப் போகும் பேருந்துக்காக நின்றபோது, சந்தைக் கூடையில்லாமல், தேவாலயத்துக்குப் போகும் சட்டையில் மரியூக்சியும் வந்து நின்றாள்.

"கல்வி அலுவலகத்துக்குத்தான போறீங்க? ஹோல்கர் வாத்தியாரு சொன்னாரு. நானும் வர்றேன். உங்ககூட இல்ல. தனியா."

இரண்டு மணி நேரம் இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து பேசாமல் போனார்கள்.

அலுவலகத்தில் ஓர் இளம்பெண் புகார்ப் படிவத்தை நீட்டினாள். "பாதிக்கப்பட்ட மாணவியோட முழுப் பேரு, வயசு, முகவரி, என்ன விசயம்னு விவரமா எழுதுங்க."

மரியூக்சி படிவத்தைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"மறுபடியும் எழுதணுமா?"

"விதிமுறைங்க அம்மா."

"ஏம்மா, எழுதினதாலதான வந்து நிக்கிறேன்! எழுதினத அழின்னு சொல்ல வந்தா, இன்னும் தெளிவா எழுதுன்னு சொல்றியே!" அவள் மேசையை ஓங்கித் தட்டிய தட்டில் முத்திரைக் கட்டை உருண்டு கீழே விழுந்தது. உள்ளறையிலிருந்து ஓர் அதிகாரி எட்டிப் பார்த்தார்.

நார்சிசா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டாள். தவறு செய்தவர் என்ற இடத்தில் "நார்சிசா பின்காய், ஆசிரியை" என்று எழுதினாள்.

"உங்க மேல நீங்களே புகார் குடுக்கறீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா. கீழ இன்னும் ரெண்டு பேரு இருக்கு, எழுதறேன். மாணவி யாருன்னு கேக்காதீங்க. பக்கம் பதினாலுன்னு போட்டா போதும்."

மரியூக்சி அவள் எழுதுவதைத் தோளுக்கு மேலாகக் கடைசி எழுத்து வரை படித்தாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வார்த்தை ஏதாவது நடுவில் நுழைகிறதா என்று பார்ப்பதுபோல் இருந்தது. நுழையவில்லை. வெளியே வந்ததும் மரியூக்சி சொன்னாள்:

"நான் உங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கல."

"மன்னிக்கவும் மாட்டேன். ஆனா அவ படிக்கணும். திங்கட்கிழம அனுப்பறேன்."

பிற்பாடு கடிதம் வந்தது. புத்தகத்தை மாவட்டப் பள்ளிகளிலிருந்து திரும்பப் பெறும்படி உத்தரவு. நார்சிசாவுக்கு எழுத்துமூலமான கண்டனம், அவளுடைய பணிப் பதிவேட்டில் சேர்ந்தது. பெத்சபேயிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம். லார்ரேயாவின் நிறுவனம் வேறு மாகாணத்தில் வேறு அட்டையோடு புத்தகத்தை வெளியிட்டது. "வகுப்பறைக்குத் தொண்ணூற்றொன்பது ப்ராம்ப்ட்கள்." ஹோல்கர் அந்த விளம்பரத்தைக் காட்டியபோது நார்சிசா தன் கையிலிருந்த சாக்பீஸை இரண்டாக ஒடித்தாள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அந்தத் திங்கட்கிழமை இருந்தது. யூலேய்சி வந்தாள். முன்வரிசையில் உட்காருகிறவள் கடைசி பெஞ்சுக்குப் போனாள். ஜாந்திரி ஏதோ முனகினான். "உங்க மாமாவக் கேட்டேன்னு சொல்லு" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். அவன் முகம் தொங்கிப்போயிற்று.

பிறகு அவள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், என்னப் பத்தி எழுதினத ஊரே படிச்சுட்டுது. இவங்களப் பத்தி என்ன எழுதி வச்சிருக்கீங்க?"

நாற்பத்திரண்டு முகங்களும் நார்சிசாவைப் பார்த்தன. இப்படி ஒன்று வரும் என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள். கோப்பை அச்செடுத்து, அதில் பிள்ளைகளைப் பற்றி இருந்த ஒவ்வொரு வரியையும் தனித்தனிச் சீட்டாக வெட்டி, மடித்து, மேலே பெயர் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஃபோனில் இருந்ததை அழித்துவிட்டாள்.

"அவங்கவங்களோடது அவங்கவங்களுக்கு" என்று சொல்லி, பெஞ்சு பெஞ்சாகப் போய்க் கொடுத்தாள். "வச்சுக்கங்க, கிழிங்க, எரிங்க. என்கிட்ட இனி இல்ல. என்னத் திட்டணும்னா இப்பத் திட்டுங்க."

திட்டினார்கள்.

"'மெதுவாகப் புரிந்துகொள்வான்.' நானா மெதுவு? நீங்க எழுதிப் போடற வேகத்துல யாருக்குப் புரியும்?"

"'வீட்டில் சாப்பிடாமல் வருகிறாள்.' யாரு சொன்னா உங்களுக்கு? எனக்குக் காலையில பசிக்காது, அவ்வளவுதான்!" அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்தாள்.

"'இவனுக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.' என் காது நல்லாத்தான் கேக்குது டீச்சர். உங்க பாடம்தான் கேக்கப் பிடிக்கல."

சிலர் சிரித்தார்கள். ஒவ்வொன்றையும் நார்சிசா நின்று வாங்கிக்கொண்டாள். ஒன்றுக்கும் விளக்கம் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தில் எழுதிய வரிகள்தாம் எல்லாம். எழுதப்பட்டவர்கள் வாசிக்கும்போது ஒவ்வொன்றும் வேறு மாதிரி ஒலித்தது.

டப்பா காலியானது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தோமாசா என்ற சின்ன உருவப் பெண் கையை நீட்டியபடியே இருந்தாள்.

"எனக்கு?"

நார்சிசா டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமே எழுதலையா? ஒரு வருசமா உங்க வகுப்புல இருக்கேன். ஒரு வரிகூட இல்லையா?"

அன்று கேட்ட கோபங்களிலேயே இதுதான் நார்சிசாவை அதிகம் சுட்டது. காலி டப்பாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

கடைசி பெஞ்சில் யூலேய்சி தன் சீட்டைத் திறக்காமலே பைக்குள் போட்டுவிட்டுப் பாடப் புத்தகத்தை எடுத்தாள்.

"எத்தனாம் பக்கம் டீச்சர்?" என்றாள். முகம் இறுகித்தான் இருந்தது.

"அறுபத்தி மூணு" என்றாள் நார்சிசா. கரும்பலகையின் பக்கம் திரும்பி, தலைப்பை எழுதினாள்.